ராஜகோபுரத்தைக் குனிந்து பார்த்தேன்

திருவண்ணாமலை என்றால் எங்கள் குடும்பத்துக்குப் பௌர்ணமி கிரிவலம்தான். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை, 14 கிலோமீட்டரையும் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே நடந்து முடித்துவிடுவோம். வலப்பக்கத்தில் மலை இருப்பது தெரியும். பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம்.

இந்த முறை கூட்டமில்லாத ஒரு வாரநாளில் பெரியம்மாவுடன் போனேன். ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஏறுகிறது. விரூபாட்ச குகையில் பல ஆண்டுகள் இருந்த ரமணர், 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் மூட்டுவலிக்காரர்களும் மெல்ல ஏறிவிடலாம். குரங்குகளின் கண்ணில் மட்டும் தின்பண்டப் பை படக் கூடாது.

ஸ்கந்தாசிரமத்தை நெருங்கும்போது ஒரு பாறையிலிருந்து கோயில் முழுவதும் தெரிகிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த பதினொரு நிலை ராஜகோபுரம், 217 அடி. அண்ணாந்து பார்த்தே பழகிய அதைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம் போலிருந்தது. நமக்கு அருகில் மேற்கே பேய்க் கோபுரம்; வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். பின்னதை எழுப்ப ஒரு பெண் துறவி வீடு வீடாகப் போய்ப் பொருள் திரட்டினார். அந்தக் கதைக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

கீழே வரிசையில் நிற்கும்போது பிடிபடாத ஒன்று மேலிருந்து பார்த்ததும் புரிந்தது. வெளிமதில் கோபுரங்கள் நான்கும் வானளாவி நிற்கின்றன. உள்ளே போகப் போகக் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில், யாரைப் பார்க்க வந்தோமோ அவருடைய கருவறை விமானம் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தாழ்வாக இருக்கிறது. நானோ இத்தனை காலமும் வாசலிலேயே வியப்பு முழுவதையும் செலவழித்துவிட்டு, சந்நிதிக்குள் நுழையும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இந்தத் தலத்தின் புராணத்திலேயே, அன்னமாக மேலே பறந்த பிரம்மாதான் சிவனின் முடியைக் கண்டதாகப் பொய் சொன்னார். பன்றியாக மண்ணைத் தோண்டிப் போன திருமால் அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோயில் நன்றாகத் தெரிகிறது. மலையைத்தான் காணவில்லையே?" என்றார்.

"அதன் மேல்தானே பெரியம்மா நிற்கிறோம்!"

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விரூபாட்ச குகை வழியாக ஊருக்குள் இறங்கி, மாலையில் கிழக்கு வாசலிலிருந்து தரிசன வரிசையில் நகர்ந்தோம். வல்லாள கோபுரம் கடந்து கிளிக் கோபுரத்தை நெருங்கியபோது பெரியம்மா என் கையைத் தட்டி, "பார், சின்னதாகிவிட்டது. கிட்டே வந்துவிட்டோம்" என்றார்.