ஃப்ராங்க்ளின் மாடல்: மேல்தளத்தில் 32 பேர்

யு.எஸ்.எஸ். ஃப்ராங்க்ளின் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை 1/700 அளவில் கட்டத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. உடற்பகுதியை ஒட்டி, நீலம் அடித்து முடித்தாயிற்று. இந்த மாதம் முழுக்க விமானங்களோடும் ஆட்களோடும்தான் போனது.

நான் கட்டுவது 1945 மார்ச் 19, காலை ஏழு மணிக்கு இருந்த கப்பலை. ஜப்பான் கரை சுமார் 50 மைல் தூரம். அடுத்த சில நிமிடங்களில் ஒற்றை ஜப்பானிய விமானம் மேகத்திலிருந்து இறங்கி இரண்டு குண்டுகளைப் போட்டது. மேல்தளத்தில் எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிய 31 விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. கீழே விமானங்களை நிறுத்தும் ஹேங்கர் தளத்தில் காலை உணவுக்கு நீண்ட வரிசை. அந்தத் தளத்தில் உயிர் தப்பியவர்கள் இரண்டே பேர். கப்பல் முழுக்க 700-க்கும் மேல் இறந்தார்கள்.

கமிகாஸி எனும் ஜப்பானியத் தற்கொலை விமானத் தாக்குதல் பெருகியபோது அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த போர்விமானங்கள் போதவில்லை. அதனால் மரைன் படையின் விமானப் பிரிவுகளான ஸ்குவாட்ரன்களையும் கப்பலில் ஏற்றினார்கள். ஃப்ராங்க்ளினில் வந்தவை விஎம்எஃப்-214, விஎம்எஃப்-452. 'பிளாக் ஷீப்' என்று பேர் வாங்கிய 214-இல் மட்டும் அன்று 32 பேர் இறந்தார்கள். அந்த எண்ணைப் படித்த நாளில்தான் இந்த மாடலைக் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

அவர்களுடைய போர்விமானமான கோர்ஸேர், இறக்கை மடித்த நிலையில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. பளபளக்கும் நீலம், வாலில் ஃப்ராங்க்ளினுக்கே உரிய வெள்ளை வைரக் குறி. மாடலில் ஒட்டும் வெள்ளை டெக்கால் தாளைப் பிளேடால் வெட்டித்தான் ஒட்டினேன். முதல் ஆறும் ஓரம் தூக்கிக்கொண்டன. மழைக்கால ஈரத்தில் பெயின்ட் சரியாகக் காயவில்லை. உரித்துவிட்டு, இரண்டு நாள் விட்டு மறுபடி ஒட்டினேன்.

அப்புறம் 'டைனி டிம்' ராக்கெட். பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி இழுத்து, நாலரை மில்லிமீட்டராக நறுக்கினால் போதும். கோர்ஸேரின் வயிற்றுக்கடியில் ஒட்டும்போது கை தயங்கியது. தீப்பிடித்ததும் இவைதான் சீறிக் கிளம்பி, தளத்தில் நின்ற சொந்த ஆட்கள் நடுவே பாய்ந்தன.

மனித உருவங்கள் பித்தளைத் தகட்டில் வருபவை, ஆள் ஒன்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர் உயரம். 32 பேரை எண்ணி எடுத்துத் தனித் தட்டில் வைத்தேன். ஸ்குவாட்ரன் என்றால் விமானி மட்டும் இல்லையே, எஞ்சின் பார்ப்பவர், தோட்டா நிரப்புபவர், சக்கரக் கட்டை பிடிப்பவர் எல்லாரும் வேண்டும். அதனால் சிலரைக் குனிய வைத்தேன், இருவரை இறக்கையடியில் பேசிக்கொண்டிருக்க வைத்தேன். நிற்கும் இடம் என் தேர்வு, எண்ணிக்கை மட்டும் அவர்களுடையது. பஞ்சைக் கறுப்பாக்கிப் புகை வைக்கலாமே என்று நண்பர் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. எரியும் கப்பலைத்தான் எல்லாப் படங்களிலும் பார்க்கிறோம். இந்த மேசையிலாவது அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கட்டும்.

காயம்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் பாக்கி இருந்தது. தாக்குதலுக்குப் பிறகு வலப்பக்கம் 13 டிகிரி சாய்ந்து கிடந்த ஃப்ராங்க்ளினை ஒட்டி வந்து நின்ற சாண்டா ஃபே என்ற குரூசர் போர்க்கப்பல், வெடித்துக்கொண்டிருக்கும்போதே 800-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. அதையும் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். இதே அளவில் நீளம் சுமார் 27 சென்டிமீட்டர். நேற்று அதன் உடற்பகுதி இரண்டு பாதியையும் ஒட்டி, ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.