அந்துருண்டை ஏறிய ஹியூமிடார்

விற்றவர் அனுப்பிய படங்களில் ஒரு குறையும் இல்லை. சுருட்டுகள் காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தோடு வைத்திருக்கும் மரப்பெட்டிதான் ஹியூமிடார். ஐம்பது சுருட்டுகள் கொள்ளும் பெட்டி, கீறல் விழாத வால்நட் மேற்புறம், ஆட்டமில்லாத பித்தளைக் கீல்கள். நாற்றத்தைப் படம் பிடிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்ததும் முதலில் லாவெண்டர் வாசனை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அந்துருண்டை நாற்றம் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது, பெட்டி பல ஆண்டுகள் யார் வீட்டு பீரோவிலோ பட்டுப் புடவைகளோடு கிடந்தது என்றும், மரத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளேயும் உருண்டைகளைப் போட்டிருந்தார்கள் என்றும், தாம் அதன்மேல் ரூம் ஸ்பிரே அடித்து அனுப்பியதாகவும் அவர் கூச்சமில்லாமல் சொன்னார். “ரெண்டு நாள் வெயில்ல காட்டுங்க சார், பறந்துடும்” என்பது அவர் கொடுத்த உத்தரவாதம். பணத்தைத் திருப்பித் தரும் பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை.

பழைய ஹியூமிடாரில் வரும் நாற்றங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. வெறும் புகையிலை வாசனை என்றால் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பூஞ்சை வாடை, சிகரெட் புகை, வெனிலா போன்ற செயற்கை மணமேற்றிய சுருட்டுகள் விட்டுப்போன தித்திப்பு, அந்துருண்டை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், திட நிலையிலிருந்து நேராக ஆவியாகி மரத்தின் நுண்துளைகளில் புகுந்துகொள்ளும். அது தண்ணீரில் கரையாது. ஆகவே சோப்புத் தண்ணீரால் பயனில்லை, மரம் உப்புவதுதான் மிச்சம். சமையல் சோடா அமிலத்தன்மை கொண்ட வாடைகளைத்தான் நன்றாக அடக்கும். நாப்தலீனிடம் அதன் ஜம்பம் அதிகம் பலிக்காது. நாப்தலீனைக் கிளப்பக்கூடியவை சூடு, ஓடும் காற்று, ஆல்கஹால் ஆகியவைதான்.

இது தெரிந்த பிறகும் வீட்டுக்கு வருவோரின் யோசனைகள் ஓயவில்லை. ஒருவர் காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னார், மற்றொருவர் எலுமிச்சைத் தோல் என்றார், என் பெரியம்மா சாம்பிராணி போட்டே தீர வேண்டும் என்றார். உள்ளே பதித்திருக்கும் ஸ்பானிஷ் சீடர், பெயரில் சீடர் (தேவதாரு) இருந்தாலும், வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சி வைத்து மெல்லத் திருப்பித் தருகிறது என்பதற்காகவே அதைச் சுருட்டுப் பெட்டிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனிடம் காப்பியைக் கொடுத்தால் காப்பியையும் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு நாற்றத்தை இன்னொரு மணத்தால் மூடும் எந்த வழியையும் இந்த மரத்தின் அருகில் கொண்டுவர வேண்டாம்.

பிரிக்க வேண்டியதை எல்லாம் முதலில் பிரித்துவிடுங்கள். ஈரப்பதத்துக்காக வைத்திருக்கும் ஸ்பாஞ்சு, அதன் பிளாஸ்டிக் கூடு, மூடியில் அதை ஒட்டியிருந்த வெல்க்ரோ பட்டை ஆகியவை மரத்தைவிட மோசமாக நாற்றத்தைப் பிடித்து வைத்திருந்தன. அவற்றைத் தேற்ற முயல்வது வீண், தூக்கி எறிவதே மேல். தட்டைத் தாங்கும் சட்டத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஓர் இடுக்கு உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தபோது அங்கே உளுந்தளவுக்குத் தேய்ந்த ஓர் உருண்டைத் துணுக்கு, ஓரங்கள் கண்ணாடிபோல் மின்ன, ஒட்டிக்கொண்டிருந்தது. அது அங்கே இருக்கும்வரை எத்தனை வெயில் காட்டினாலும் மறுநாள் நாற்றம் திரும்பி வந்ததில் வியப்பில்லை. ஊசியால் நெம்பி எடுத்த அன்றே பாதி வேலை முடிந்தது என்பேன்.

வெயிலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னையின் உச்சி வெயிலில் மூடியைத் திறந்துபோட்டால் மரம் ஒருபுறமாகக் காய்ந்து மூடி வளைந்துவிடும், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தகடான வெனீர் பெயரும். காலை வெயிலில் உட்புறம் மட்டும் சூடேறும்படி திருப்பி வைத்து, பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து மேசை மின்விசிறிக்கு எதிரே திறந்து வைப்பதே பாதுகாப்பானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைத் தொடங்காதீர்கள். அந்த ஈரக் காற்றில் நாப்தலீன் போகிறதோ இல்லையோ பூஞ்சை வந்து சேரும்.

ஆல்கஹாலுக்காக அலைந்ததுதான் எரிச்சலூட்டிய கட்டம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டால், கொரோனா காலத்துச் சரக்கில் மிஞ்சிய கைச் சானிடைசரை எடுத்து நீட்டி, “இதுவும் ஆல்கஹால்தான் சார்” என்றார் கடைக்காரர். அதில் கிளிசரினும் வாசனைத் திரவியமும் கலந்திருப்பது புட்டியிலேயே அச்சாகியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும், சுருட்டுப் பெட்டிக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று எனக்கே பாடம் எடுத்தார். அடுத்த கடையிலும் அதே சானிடைசர்தான் வந்தது. கடைசியில் ரிச்சி தெருவில், மின்னணுப் பலகைகளைத் துடைப்பதற்கென்று விற்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல், கேள்வி முறையின்றிக் கிடைத்தது. இந்த வேலைக்கு மருந்துக் கடைப் பக்கம் போகாமல் நேராக அங்கேயே போங்கள்.

துடைப்பதற்கு முன் உட்புறத்தை 220 எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையில், லேசாகத் தேய்க்க வேண்டும். இதற்காக அழைத்த தச்சர் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேய்ப்பானேன், ஒரு கோட் பாலிஷ் அடித்தால் எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும் என்று டப்பாவைத் திறக்கப் போனார். பாலிஷ் ஏறிய மரம் ஈரத்தை வாங்காது, பெட்டி வெறும் பெட்டியாகிவிடும் என்று விளக்கி அவரைத் தேநீர் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. மூடி வந்து பொருந்தும் உதட்டை மட்டும் உப்புத்தாளால் தொடாதீர்கள். காற்றுப் புகாமல் அடைப்பது அந்த உதடுதான். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சீடர் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். தூளைத் துலக்கியபின், ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால், ஜன்னல்களைத் திறந்து, நெருப்பு அருகில் இல்லாமல் துடையுங்கள். வெளிப்புற வார்னிஷில் ஒரு சொட்டுப் பட்டாலும் வெளுத்த தழும்பு விழக்கூடும்.

மிச்சமிருந்ததை ஆக்டிவேட்டட் கார்பன் கவனித்துக்கொண்டது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வடிகட்டிக்கென்று விற்கும் கருமணிகளைக் கிண்ணத்தில் வைத்து மூடி, சிறிது நாள் கழித்துப் புதிதாக மாற்றிக்கொண்டே வந்தேன். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. நாற்றம் போய்விட்டதா என்று திறந்துவைத்த பெட்டியில் மோந்து பார்ப்பதில் அர்த்தமில்லை. இரவு முழுதும் மூடிவைத்து, மறுநாள் மதியச் சூட்டில், அதுவரை அந்த அறைக்கே வராத ஒருவரை அழைத்துத் திறக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழகிய மூக்கு பொய் சொல்லும். எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பைப் பெரியம்மாவிடம் விட்டேன். அவர் “மர வாசனைதான்” என்றதும்தான் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்துப் பெட்டிக்கு ஈரம் ஏற்றத் தொடங்கினேன். நனைந்த உப்போடு மூடிவைத்தால் ஈரமானி 75 சதவீதம் காட்ட வேண்டும் என்ற உப்புச் சோதனையில் அதைச் சரிபார்த்ததும், பெட்டியின் ஈரப்பதம் 68 சதவீதத்தில் நின்றதும் தடையின்றி நடந்தன.

விலை உயர்ந்த சுருட்டுகளை உடனே உள்ளே வைக்கவில்லை. ஒரே கட்டிலிருந்து எடுத்த உறையூர்ச் சுருட்டுகளில் ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றை மூடிய கண்ணாடிச் சாடியிலும் சில வாரங்கள் வைத்திருந்து, பற்றவைக்காமலேயே மோந்து பார்த்தேன். பெட்டியிலிருந்தது சற்றே மெத்தென்றிருந்தது; மணத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இனிப் பழைய பெட்டி வாங்குவதானால் விலை பேசுவதற்கு முன், ஓரிரவு மூடிவைத்த பெட்டியை என் எதிரில் திறந்து காட்டச் சொல்வேன். ஸ்பிரே அடித்திருந்தால் அப்போதே எழுந்துவிடுவேன்.