தீட்டில்லாத துக்கம்: மருதமலை போய் வந்த கதை

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் இத்தனை நாள் தீட்டு, இத்தனை நாள் கோயிலுக்குப் போகக்கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. சின்ன வயதில் நம்மைக் கட்டிப்போட்ட ஒரு வித்வானோ பயில்வானோ போய்ச் சேர்ந்தால் அப்படி ஒன்றும் கிடையாது. தலைமுழுக வேண்டியதில்லை, துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

2008 செப்டம்பர் 9 அன்று என்னால் அப்படிப் போக முடியவில்லை. காலைப் பேப்பரில் வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் படம். நெற்றி நிறைய விபூதி, நடுவில் காசு அகலத்துக்குக் குங்குமம், அதே சிரிப்பு. முந்தின நாள் சென்னையில் காலமாகிவிட்டார், வயது 73 என்று போட்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. லீவு சொல்லிவிட்டு மருதமலைக்குப் பஸ் ஏறினேன். "அவர் உங்களுக்கு என்ன உறவுங்க?" என்று வீட்டில் கேட்டதற்கு அன்றைக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை முழங்கால் வலியோடு போனேன். துணைக்கு மகள் வயிற்றுப் பேரன், ஏழாம் வகுப்பு. கோயில் பஸ்ஸில் மேலே போய்விடலாம் என்று மகள் சொல்லித்தான் அனுப்பினாள். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரைக் கும்பிட்டதும் கால் தானாகப் படிப் பக்கம் திரும்பிவிட்டது. மொத்தம் 837 படி. பேரன் எண்ணிக்கொண்டே வருவதாகச் சொன்னான்.

"அப்புச்சி, வயலின் வாசிச்சவரு குன்னக்குடிக்காரருன்னா அந்த ஊருக்குத்தானே போகோணும்? அங்கயும் மலை மேல முருகன் இருக்கறாருன்னு சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. காரைக்குடிப் பக்கத்துக் குன்னக்குடியில் ஆறுமுகங்களோடு சண்முகநாதர் மயில்மேல் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயும் போயிருக்கிறேன். ஆனால் எனக்குக் குன்னக்குடி வந்து சேர்ந்த வழி மருதமலை வழி. 1972இல் 'தெய்வம்' படம் வந்தது. தயாரித்தவர் சாண்டோ சின்னப்பா தேவர், இசை குன்னக்குடி வைத்தியநாதன், பாட்டு கண்ணதாசன். அதில் மதுரை சோமு திரையிலேயே தோன்றி 'மருதமலை மாமணியே' பாடுவார். எனக்கு அப்போது பத்து வயது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, பஞ்சுத்தூசு ஒட்டிய தலையோடு என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். எந்த மலை, எந்த மலை என்று கேள்வியாகவே தொடங்கி, கடைசியில் நம்ம ஊர் மலையின் பேரைச் சொல்லி சோமு நிறுத்தியபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அரோகரா போட்டார்கள். யாரோ கற்பூரம் கொளுத்த, கொட்டகைக்காரர் ஓடி வந்து அணைத்தார்.

அது தர்பாரி கானடா ராகம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆனது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குரல் அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது என்பதுதான். சாமியிடம் கெஞ்சுகிறாரா, சண்டைக்குப் போகிறாரா என்று புரியாது. சோமுவின் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் விடிய விடிய உட்கார்ந்த கதையைச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, 1989இல் போய்விட்டார்.

குன்னக்குடியை மட்டும் நேரில் கேட்டேன், எண்பதுகளில் ஒரு கோயில் திருவிழாவில், வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு. வயலினுக்குத் தவில் ஜோடியா என்று சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்த காலம். தவில் ஒரு தீர்மானம் வைத்தால் அவர் புருவத்தைத் தூக்கி, வில்லை ஒரு வெட்டு வெட்டி, கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார். என் பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். வித்தை காட்டுகிறார் என்று குறை சொன்னவர்கள் அந்தக் கடலைக்காரரைப் பார்க்கவில்லை.

இடும்பன் சன்னதி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். குரங்கு ஒன்று பேரனின் பையைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. வழியில் குதிரைக் குளம்புத் தடம் என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். கோயில் பொருளைத் திருடிக்கொண்டு ஓடியவர்களை முருகன் குதிரையில் துரத்திப்போய்க் கல்லாக்கிய கதை. பேரனுக்குக் கோயிலிலேயே அதுதான் பிடித்தது.

"சாண்டோன்னா என்னங்க அப்புச்சி?"

யூஜின் சாண்டோ என்று ஒரு ஜெர்மானியப் பயில்வான் இருந்தார். உடம்பைத் திரட்டி மேடையில் காட்டி உலகப் பேர் வாங்கியவர். அந்தப் பேர் நம்ம ஊர் தேகப்பயிற்சிக்காரர்களுக்குப் பட்டமாகிவிட்டது. சின்னப்பா தேவர் கோவை ராமநாதபுரத்துக்காரர். சினிமாவுக்கு முன்னால் கரலாக்கட்டையும் தண்டாலும்தான் அவர் உலகம். அப்பாவுக்கு அவர் படமுதலாளி இல்லை. நம்மைப் போல மில் வேலை பார்த்து, உடம்பை ஏற்றிய ஆள். அப்பாவும் சிங்காநல்லூரில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போவார். மண்தரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் நல்லெண்ணெய் வாசனை. கரலாக்கட்டையைத் தோளுக்குப் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவரும்போது "முருகா" என்று மூச்சை விடுவார். தேவர் பார்க்கிறவர்களை எல்லாம் "முருகா" என்றுதான் கூப்பிடுவார் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டுத்தான் அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் வந்ததோ என்னவோ.

இந்த மலைக்கு மின்விளக்கு வந்ததில் தேவரின் பங்கு பெரியது. படத்தின் லாபத்தில் முருகனுக்கு ஒரு பங்கு ஒதுக்கிய மனிதர். 1978இல் அவர் இறந்தபோது அப்பா ஒரு வாரம் கரலாக்கட்டையைத் தொடவில்லை. தீட்டு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினாறு வயது. இது என்ன கூத்து என்று நினைத்தேன்.

தாரா சிங்கையும் அப்பாவுக்குப் பிடிக்கும். 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் ராமாயணம் வந்தபோது ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் முழுதும் பார்த்தார். காரணம், அனுமாராக வந்தது தாரா சிங். "பயில்வான்தான்டா ஆஞ்சநேயரா வர முடியும், பவுடர் போட்டவன் வர முடியுமா?" என்பார். 2012 ஜூலையில் தாரா சிங் இறந்த செய்தியைக் கேட்க அப்பா இல்லை. நான்தான் அன்றைக்கு ஆஞ்சநேயருக்கு ஒரு வெற்றிலை மாலை வாங்கிச் சாத்தினேன், அப்பா கணக்கில்.

மேலே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அதிகமில்லை. மருதாசலமூர்த்தி பழனியாண்டவர் மாதிரியே நிற்பவர். வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில். திரை விலகியபோது சந்தனம் இன்னும் ஈரமாக, தோளோரம் ஒரு விரல் தடம் தெரிந்தது. எந்த அலங்காரத்தில் பார்த்தாலும் எனக்கு அந்த இடுப்பில் வைத்த கைதான் முதலில் கண்ணில் படும். பயிற்சி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற பையன் மாதிரி. சாமியை இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை, முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். வழக்கம்போல எனக்கு ஒரு நொடி தடுமாறியது. முதல் வருஷம் வெள்ளந்தியாக "வைத்தியநாதன்" என்று சொல்லிவிட்டு, இறந்துவிட்டார் என்றும் சொல்ல, அன்றிருந்த குருக்கள் சிரிக்காமல், "போனவங்களுக்கு அர்ச்சனை கிடையாதுங்க, சாமி பேருக்கே பண்ணிரலாமுங்க" என்றார். அதிலிருந்து சாமி பேருக்குத்தான். மனசுக்குள் மட்டும் ஒரு வரிசை ஓடும்: தேவர், கண்ணதாசன், சீர்காழி, சோமு, அந்தப் படத்தில் வந்த வாரியார் சுவாமிகள், குன்னக்குடி, டி.எம்.எஸ். 2013 மே மாதத்தில் டி.எம்.எஸ். போனதோடு வரிசை நீளமாகிவிட்டது. தீபாராதனை முடிவதற்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை.

பாம்பாட்டிச் சித்தர் குகைக்கும் போய் வந்தோம். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, நான் படி இறங்குவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது பாதி வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். பேரன் 829 படி என்றான். எட்டுப் படியை எங்கே விட்டான் என்று வாக்குவாதம். அப்புறம் அவனே, "அந்தப் பாட்டைப் போடட்டுங்களா?" என்று போனை எடுத்தான். சின்னச் சத்தத்தில் வைத்தான். தூணுக்கு அந்தப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, எழுபது எழுபத்தைந்து இருக்கும், திரும்பிப் பார்த்தார்.

"சோமுங்களா? கொஞ்சம் சத்தமா வைங்க கண்ணு."

சத்தத்தைக் கூட்டினான். சோமு மேலே ஏறி, சரியாக அந்த உச்சியில் நிற்கும்போது யூடியூப்பில் நகைக்கடன் விளம்பரம் வந்துவிட்டது. பேரன் பதறிப்போய்த் திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து, உடைந்த குரலில், கண்ணை மூடிக்கொண்டு அவரே பாட ஆரம்பித்துவிட்டார். பேரன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தான்.