நான் வெட்டிய இரண்டு எழுத்துகள்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது இல்ல மெய்வல்லுநர் போட்டி பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பழைய குற்றமொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில மாஸ்டர் எதிர்மறை முன்னொட்டுகளைத் தொடங்கினார். தமிழ் ‘இல்லை’யைப் பெரும்பாலும் வாலில் வைக்கும், ஆங்கிலம் தலையிலேயே வைத்துவிடும் என்றார். ‘ஹப்பி’க்கு முன்னால் ‘அன்’ வந்தால் முகம் தொங்கிவிடும். சரி, ‘இன்’ மட்டும் ஏன் ‘பொஸிபிள்’ முன்னால் ‘இம்’ என்றும், ‘லீகல்’ முன்னால் ‘இல்’ என்றும், ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’ என்றும் வேடம் மாற்றுகிறது என்று ஒருவன் கேட்டான். மாஸ்டர் வெண்கட்டியை எடுத்து ‘மரம் + கள்’ என்று எழுதினார். “சேர்த்து வாசி.” மரங்கள் என்றோம். “மகர மெய் எங்கே போயிற்று? அடுத்த எழுத்துக்கு வாய் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. இலத்தீன்காரனுக்கும் இதே வாய்தான்.” ஆங்கிலப் பாடத்தில் புணர்ச்சி படித்தவர்கள் நாங்கள்!

எல்லாம் விளங்கிவிட்ட மிதப்பில் இருந்தேன். அந்த ஆண்டு ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றார். ஆங்கிலப் பிரியாவிடை மடலை மாஸ்டர் எழுத, கையெழுத்து அழகென்று படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அன்னாரின் சேவை ‘இன்வலியுவபிள்’ என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘வலியுவபிள்’ என்றால் மதிப்புள்ளது. காலமெல்லாம் கற்பித்த மனிதரை மேடையில் இருத்திவைத்து உங்கள் சேவை மதிப்பற்றது என்று வாசிப்பதா? மாஸ்டருக்குக் கை தவறிவிட்டதென்று முடிவுகட்டி, அந்த ‘இன்’னை வெட்டிவிட்டேன்.

மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போன பிறகுதான் மாஸ்டர் பார்த்தார். பிரம்பு வருமென்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டார். “மதிப்பற்றது வேறு, விலைமதிப்பற்றது வேறு. மதிப்பு இல்லை என்றா எழுதினேன்? மதிப்பிட முடியாது என்றல்லவா எழுதினேன்.” எல்லா ‘இன்’னும் ‘இல்லை’ சொல்லாது என்றும் சேர்த்துச் சொன்னார். அடி விழவில்லை என்ற ஆறுதலில் அதை நான் காதில் வாங்கவில்லை.

அதற்கான அடி லண்டனில் காத்திருந்தது. முதல் வேலை ஒரு களஞ்சியசாலையில். ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்த தின்னர் பேணிகளைத் தீப்பற்றாதவை என்று நம்பி, ஹீட்டருக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கினேன். மேற்பார்வையாளர் போட்ட கூச்சலில் தின்னர் தானாகவே பற்றியிருக்க வேண்டும். அந்த ‘இன்’ இலத்தீனில் ‘உள்ளே’ என்று பொருள்படும் வேறொரு ‘இன்’. தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையோடு ஒட்டிவந்தது. நான் மட்டும் ஏமாறவில்லை என்பது பின்னாளில் கிடைத்த ஆறுதல். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வற்புறுத்தியது. எங்கள் பேணிக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

சென்ற மாதம் பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து அழுத முகத்தோடு வந்தாள். கட்டுரையின் கீழே ஆசிரியை ‘அபாரம்’ என்று எழுதியிருந்தார். “நீதி, அநீதி. நியாயம், அநியாயம். பாரம், அபாரம். என் கட்டுரையில் கனமே இல்லையா, தாத்தா?”

இந்தப் பாரம் சுமையல்ல, வடமொழியில் அக்கரை. அபாரம் என்றால் கரை காணாதது என்று விளக்கினேன். சந்தேகமாகவே பார்த்தாள். சட்டத்துக்குள் இருந்த மடலை நானும் அப்படித்தான் பார்த்தேன்.