பெற்றோர் விண்ணப்பித்த நாள்

மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி இருக்கும்: மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் விண்ணப்பித்த நாள். பெயர், பிறந்த தேதி, மச்சம், நடத்தை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில்தான் வரும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. என் கைக்கு ஒரு டி.சி. வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். 2010 ஏப்ரலில், அந்த வரியை நிரப்புவதற்காகவே பெற்றோருக்கு நான் என் கையால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். சம்பளம் 6,500 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, "பத்தாவதுல தேறாதுன்னு உங்களுக்குத் தோணுற பேரெல்லாம் எழுதிக் குடுங்க மிஸ்" என்றார். ஸ்பெஷல் கிளாஸ் வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து 11 பேரை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த 11 வீட்டுக்கும் போன் போனது.

முதலில் வந்தவர் காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர். விடியற்காலை ஏலம் முடிந்த கையோடு வந்திருந்தார். சட்டையை மாற்றியிருந்தார், ஆனால் கால் இன்னும் ஈரம். ஆபீஸ் தரையில் தடம் பதிகிறதே என்று ஓரமாகவே நின்றார். எழுதத் தெரியாது என்றதும் என்னை எழுதித் தரச் சொன்னார்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு' என்று எழுதிவிட்டு அவரிடம் படித்துக் காட்டினேன்.

"குடும்பத்துல இன்னா சூழ்நிலை மிஸ்? ஃபீஸு ஃபுல்லா கட்டிட்டனே" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பேனாவை நீட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்து எடுத்தேன். அடியிலிருந்த தாளில் அவர் பெயர் மையில்லாமல் பள்ளமாகப் பதிந்திருந்தது. அடுத்த பிள்ளையின் விண்ணப்பத்தை அந்தத் தாளில்தான் எழுதினேன்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்பது பிறகுதான் புரிந்தது. அதே மாதம் 1-ஆம் தேதிதான் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. சேர்த்த பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பள்ளியும் வெளியேற்றக் கூடாது என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பதுக்கு அந்தக் காவல் கிடையாது. 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு கட்டும் கட்டணமும் எட்டோடு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வோ பத்தில். நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்தில்தான் சல்லடை போடுகிறார்கள்.

அடுத்த மே மாதம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எங்கள் பள்ளி பேனர் நின்றது. 83 பேர் எழுதி 83 பேரும் தேர்ச்சி, 100 சதவீதம். ஒன்பதாம் வகுப்பில் என் முன் உட்கார்ந்திருந்தவர்கள் 94 பேர். 94-ல் 83 என்றால் 88.3 சதவீதம். அந்த வகுத்தலை நான் போட்டுப் பார்க்கப் பல வருடம் ஆனது. 2017-ல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. பேனர் நின்றபாடில்லை.

அந்தப் பள்ளியைக் குறை மட்டும் சொன்னால் என் மனசே ஒப்பாது. பாடம் நடத்தக் கற்றுக்கொண்டது அங்கேதான். காலை முதல் பீரியடு முடிவதற்குள் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆபீஸிலிருந்து போன் போய்விடும். டைரியில் தினமும் கையெழுத்து இருக்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோரை எதிரில் உட்கார வைத்து நோட்டைப் பிரித்துப் பேச வேண்டும். ஒரு நோட்டு திருத்தாமல் இருந்தாலும் எங்களைக் கேட்பார்கள். பிள்ளைமேல் யாரோ ஒருவர் கண் வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கைக்குத்தான், எண்ணூரிலும் மணலியிலும் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள்கூடச் சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டினார்கள். அவர்கள் ஆங்கில மோகத்தில் ஏமாந்தவர்கள் என்று சொல்கிறவர்கள் அந்தச் சனிக்கிழமைகளைப் பார்த்ததில்லை.

2012 அக்டோபரில் நடந்த டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) மறுதேர்வில் தேர்ச்சி பெற்று அரசுப் பணிக்கு வந்தேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. தாமதமாக வரும் பிள்ளை எதுவானாலும் "கேட் போட்டுட்டாங்க டீச்சர்" என்று ரயில்வே கேட்டைச் சொல்லும், பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லா நோட்டும் ஒரே இடத்தில், இரண்டாம் பாடத்தின் நடுவில், நின்றிருந்தன. முந்தைய கணக்கு ஆசிரியர் மாறுதலில் போன பிறகு இடம் காலியாகவே கிடந்திருக்கிறது. பழைய பள்ளியில் ஒரு வாரம் அப்படி விட்டிருந்தால் பெற்றோர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். இங்கே மாதக்கணக்கில் ஒருவரும் வந்து கேட்கவில்லை. பணம் கட்டாத இடத்தில் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பை நாங்களும் திருத்தவில்லை. அரசுப் பள்ளியின் பெரிய நோய் இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கட்டடமும் கழிவறையும்கூட இதற்குப் பிறகுதான்.

என் வகுப்பில் ஒரு பெண் ஒன்பது நாள் வரவில்லை. அட்டெண்டன்ஸில் ஒன்பது 'ஆ' வரிசையாக நின்றது, அவ்வளவுதான். பழைய பழக்கத்தில் என் செல்போனிலிருந்தே கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இவரோ மீன் விற்கப் போயாக வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஸ்கூல்லேர்ந்துகூட போன் வருமா டீச்சர்?" என்று கேட்டார். மறுநாள் பெண் வந்தாள், தம்பி பக்கத்து வீட்டில். அன்றிலிருந்து முதல் இடைவேளையில் போன் போடுவதை நான் விடவில்லை. செலவு என்னுடையது. அதற்கென்று ஒரு எழுத்தரையும் ஒரு போனையும் அரசு கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் நின்றுபோகாமல் இருக்கும். கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

பாடப்புத்தகத்தில் வித்தியாசம் இல்லை என்பதைப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 வரை மெட்ரிகுலேஷனுக்குத் தனிப் பாடத்திட்டம், தனித் தேர்வு. அந்த ஆண்டு சமச்சீர் கல்வி நிற்குமா நிற்காதா என்று வழக்கு நடந்ததில், பள்ளி திறந்தும் புத்தகம் இல்லாமல் இரண்டு மாதம் போனது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கையில் புத்தகம் வந்தது. 2012-ல் முதல் தடவையாக இரண்டு வகைப் பள்ளிப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் ஒரே வினாத்தாள் எழுதினார்கள். இப்போதும் 100-க்கு 35 எடுத்தால் இருவருக்கும் தேர்ச்சிதான். வேறுபடுவது, அந்தத் தாளை எழுத யாரை அனுப்புகிறார்கள் என்பது.

கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல், ஃபீஸ் கட்ட முடியாத குடும்பங்கள் வரிசையாக எங்களிடம் வந்தன. கூடுதல் பிரிவு தொடங்கினோம். அவர்களில் பலர் நிலைமை சரியானதும் பழைய பள்ளிக்கே திரும்பினார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

2023 ஜூனில் ஒரு பையன் வந்தான். ஒன்பது முடித்துப் பத்துக்கு. டி.சி.யில் பெற்றோர் விண்ணப்பித்த நாளும், டி.சி. வழங்கிய நாளும் ஒன்றே. ஃபீஸ் பாக்கி என்றால் மாதக்கணக்கில் டி.சி.யைப் பிடித்து வைக்கிற பள்ளிகள் உண்டு. கட்டணப் பாக்கியைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மார்க் குறைந்த பிள்ளைக்கு மட்டும் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. யார் எழுதினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவங்களே எழுதிவச்சிருந்தாங்க டீச்சர், நான் கையெழுத்துதான் போட்டேன்."

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். "கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு டாக்டர் சீட்ல கோட்டா இருக்காமே, காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா தராங்களாமே, இவனுக்கு உண்டா?" 7.5 சதவீத ஒதுக்கீடானாலும் மாதம் 1,000 ரூபாயானாலும், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; அந்த மாதப் பணமோ அப்போது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். காசு கட்டிப் படித்து ஒன்பதில் அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இரண்டும் இல்லை. ஒன்பது வருடம் கட்டிய ஃபீஸும் போய், இங்கே கிடைக்க வேண்டியதும் போய், நடுவில் நிற்கிறான். இதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சிரமமாக இருந்தது.

பையனுக்கு மைனஸ் கணக்கே வராது. கழித்தல் குறியைப் பார்த்தால் கை நின்றுவிடும். ஒன்று முதல் ஒன்பது வரை ஒரே கட்டடத்தில் படித்தவன், எங்கே விட்டான் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு அதன்மேல் நடக்க வைத்தேன். மாலையில் வடிவியலும் வரைபடமும். அந்த இரண்டு கேள்விக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண், தேறாத பிள்ளையையும் கரையேற்றுகிற 16. பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு வந்து, அளவுகோலை இடது கையால் அமுக்கிப் பிடித்து மூச்சை அடக்கிக் கோடு போடுவான். டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து புத்தகம் எல்லாம் ஊறிப்போனது. வரைபட நோட்டை மட்டும் பாலிதீன் கவரில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தான்.

ஜனவரியில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல், சரிபார்க்கும்போது ஆசிரியர் கூட்டம் நடந்தது. ரிசல்ட் குறைந்தால் ரிவ்யூ மீட்டிங்கில் எங்கள் ஹெச்.எம். எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். "அஞ்சாறு பேர இந்த வருஷம் எழுத வேணாம்னு வீட்டுல சொல்லிப் பார்க்கலாமே மேடம்" என்றார் ஒரு சார். நல்லவர், அவர் பாடத்தில் பிள்ளைகள் உயிராக இருப்பார்கள். அவர் சொன்னதும் எனக்கு உடம்பு நடுங்கியது. இதே வார்த்தையை நான் வேறொரு அறையில் கேட்டவள். தண்டையார்பேட்டைக் கதை முழுவதையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே சொன்னேன், அந்த ஈரக் கால் தடம் வரைக்கும். யாரும் பேசவில்லை. ஹெச்.எம். பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, "63 பேரும் போகட்டும். நின்னு பதில் சொல்றது நான்தானே" என்று கையெழுத்துப் போட்டார்.

63-ல் 56 பேர் தேறினார்கள். 88.9 சதவீதம். ரிவ்யூ மீட்டிங்கில் ஹெச்.எம். நின்றார்.

பையன் கணக்கில் 31. தேறாத ஏழு பேரில் அவனும் ஒருவன். அந்த வாரமே ஏழு வீட்டுக்கும் போனோம். ஐந்து பேர் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினார்கள். ஒருவன் அப்பாவோடு மீன்பிடிப் படகுக்குப் போய்விட்டான், ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேரையும் நாங்கள் விட்டுவிட்டோம் என்றுதான் எண்ணுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஐந்து பேரும் புதிய பத்தாம் வகுப்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜூலையில் ஐவரும் தேறினார்கள். வியாசர்பாடியில் எங்கள் தெருவில் யாராவது, "பிள்ளைய எங்க சேர்க்கட்டும் டீச்சர்?" என்று கேட்டால் நான் அந்தக் கடைசி பெஞ்சைத்தான் சொல்கிறேன். "இங்க சேருங்க. ஆனா காசு கட்டுற ஸ்கூல்ல எப்படி வந்து கேப்பீங்களோ, அப்படியே வாசல்ல வந்து நின்னு கேளுங்க" என்றும் சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு எங்கள் பள்ளியில் இல்லை. அதனால் அவனுக்கும் டி.சி. வேண்டியிருந்தது. அம்மாவோடு வந்தான். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"காரணம் இன்னா எழுதட்டும் டீச்சர்?"

"மேல படிக்கணும்னு எழுதுப்பா."

எழுதினான். அம்மா முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.