மாவுக்கட்டும் குற்றப்பத்திரிகையும்

2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் சிறையில் மட்டன் பிரியாணி கேட்டான் என்ற பேச்சு ஒரு காலத்தில் டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஓடியது. 2015 மார்ச்சில், அந்த வழக்கை நடத்திய அரசுச் சிறப்பு வழக்கறிஞர் உஜ்வல் நிகமே அது தான் கட்டிவிட்ட கதை என்று வெளிப்படையாகச் சொன்னார். கசாப்பின் மேல் அனுதாப அலை எழாமல் தடுக்க அப்படிச் சொன்னதாக விளக்கமும் கொடுத்தார். அதற்குள் கசாப் தூக்கிலேற்றப்பட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பிரியாணிக்கு மட்டும் இன்னும் சாவில்லை. 'குண்டு வெச்சவனுக்கு எதுக்குங்க வக்கீல்?' என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த வாக்கியத்தில் அது வந்துவிடும்.

இதே வழக்கில் யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. கசாப்போடு சேர்த்து ஃபஹீம் அன்சாரி, சபாவுதீன் அகமது என்ற இரண்டு இந்தியர்களும் கூண்டில் நின்றார்கள். தாக்க வந்தவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. தாக்குதலின்போது சுட்டுக் கொல்லப்பட்ட கசாப்பின் கூட்டாளி அபு இஸ்மாயிலின் கால்சட்டைப் பையில் அந்த வரைபடம் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது. ஆளின் உடை ரத்தத்தில் நனைந்திருந்தது, பையிலிருந்த காகிதத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. விசாரணை நீதிமன்றம் அதை நம்பவில்லை. இருவரும் விடுதலை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தன. கசாப்புக்குத் தூக்கு, கூடவே நின்ற இருவருக்கு விடுதலை: இந்த இரண்டும் ஒரே தீர்ப்பில் வர வேண்டுமென்றால் குறுக்கு விசாரணை என்ற ஒன்று நடந்திருக்க வேண்டும்.

பொதுமக்கள் கருத்து என்று சொல்லப்படுவது எப்படி அளக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2006-இல் பிபிசி உலக சேவைக்காக 25 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பில், சித்திரவதை கூடவே கூடாது என்றவர்கள் 59 சதவீதம், ஓரளவு அனுமதிக்கலாம் என்றவர்கள் 29 சதவீதம். இந்தியாவில் இது தலைகீழ்: அனுமதிக்கலாம் 32, கூடாது 23. மீதிப் பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை, உண்மையில் அவர்கள்தான் பெரிய கட்சி. 2014 டிசம்பரில் சிஐஏ-வின் சித்திரவதை பற்றி அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை வெளியான பிறகு பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, அந்த முறைகள் நியாயமே என்று 51 சதவீதம் பேரும், நியாயமில்லை என்று 29 சதவீதம் பேரும் சொன்னார்கள். அறிக்கையைப் படித்ததால் மனம் மாறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

இத்தகைய கணிப்புகளில் கேள்வி அமைவதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'பல உயிர்களைக் காக்கும் தகவல் தெரிந்த தீவிரவாதி' என்று கேட்டால், பிடிபட்டவன் தீவிரவாதிதான், அவனுக்குத் தகவல் தெரியும், அடித்தால் உண்மையைத்தான் சொல்வான் என்று மூன்று சங்கதிகளைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிட்டது. ரிமாண்டு நாளில் கோர்ட்டுக்கு வரும் ஆள் அப்படி வருவதில்லை. அவர் ஒரு பெயர், ஒரு செல்போன் எண், ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் சந்தேகம்.

நம் ஊரில் கணிப்பே தேவையில்லை. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்ற செய்தியும், மாவுக்கட்டுப் படமும், அதற்குக் கீழே விழும் கைத்தட்டலும் போதும். அந்தக் கைத்தட்டல் காவல் நிலையத்தோடு நிற்பதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரவு பதினொரு மணிக்கு உடற்தகுதிச் சான்று எழுதும் அரசு மருத்துவரின் காதிலும் அது விழுகிறது. ரிமாண்டு மாஜிஸ்திரேட்டின் காதிலும், வக்காலத்து போடலாமா என்று தயங்கும் வக்கீலின் காதிலும் விழுகிறது. சட்டத்தில் இருக்கும் பாதுகாப்புகள் எல்லாம் இந்த நாலு பேரின் கையெழுத்தில்தான் நிற்கின்றன.

டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் எளிமையானவை. கைதுக் குறிப்பாணையில் ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும். கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களை அப்போதே குறித்து இருவரும் ஒப்பமிட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். கடைசி விதிதான் அதிகம் சாகிறது. கன்றிய காயம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், ஐந்தாறு நாளில் பச்சை, அப்புறம் மஞ்சள். இரண்டு வாரத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சாதாரண வழக்கில் போலீஸ் கஸ்டடி 15 நாள், பயங்கரவாத வழக்குகளுக்கான உபா (UAPA) சட்டத்தில் 30 நாள். நிறத்தையும் தேதியையும் அளவையும் எழுதாமல் 'வெளிக்காயம் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்தச் சான்றை மூன்று வருடம் கழித்து எந்தக் குறுக்கு விசாரணையாலும் உயிர்ப்பிக்க முடியாது. 'லாடம் கட்டுவது' என்று சொல்லப்படும் உள்ளங்கால் அடியில் வெளியே தெரிவது இன்னும் குறைவு. செருப்பைக் கழற்றச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்க்கும் மருத்துவருக்குத்தான் அது பிடிபடும். காவலரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்வது அதற்கும் முந்தின வேலை.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உபா வழக்கில் செல்லாதே, பிறகு எதற்கு அடிக்க வேண்டும் என்று சட்டக் கல்லூரியில் கேட்பார்கள். காரணங்கள் உண்டு. வாக்குமூலத்தின் பேரில் பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும் (பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு). ஆகவே மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் பதியும் ஆவணத்தில், எதையாவது கைப்பற்றியாக வேண்டும். ஆளை மாஜிஸ்திரேட் முன் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில்) வாக்குமூலம் கொடுக்கத் தயார் செய்யலாம், அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி ஆக்கலாம். இப்போது நடைமுறையில் இல்லாத பயங்கரவாதச் சட்டங்களான தடா 15-ஆம் பிரிவு, பொடா 32-ஆம் பிரிவு, மகாராஷ்டிரத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கும் திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான மோக்கா சட்டத்தின் 18-ஆம் பிரிவு ஆகியவற்றில் இந்தச் சுற்றுவழிகூடத் தேவையில்லை. எஸ்.பி. நிலை அதிகாரி எழுதினாலே சாட்சியம்.

அந்தக் குறுக்குவழியில் போன வழக்குகள் எங்கே போய் நின்றன?

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் போலீஸ் அதிகாரி வாக்குமூலம் எழுதும் முன் யோசிக்கக் கொடுத்த நேரம் ஐந்து, பத்து நிமிடம். வக்கீலைப் பார்க்கும் உரிமையும் சொல்லப்படவில்லை. மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய பிறகு சிறைக்கு அனுப்பாமல் மறுபடி போலீஸிடமே அனுப்பினார்கள். அந்த வாக்குமூலங்களை 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. வேறு சாட்சியங்களைக் கொண்டு அஃப்சல் குருவுக்குத் தூக்கை உறுதி செய்தது. அதே தீர்ப்பில்தான் 'சமூகத்தின் கூட்டு மனசாட்சி' மரண தண்டனையால்தான் நிறைவடையும் என்ற வரி வந்தது. வாக்குமூலத்தை விதிப்படி எடை போட்ட அதே கை, தண்டனை என்று வந்ததும் ஊர்ப் பேச்சைத் தராசில் வைத்தது.

2002 செப்டம்பரில் குஜராத்தில் நடந்த அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கு பொடாவில் போனது. மூன்று பேருக்குத் தூக்கு. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் விடுவித்தது. இங்கும் ஒரு சுத்தமான காகிதம்: சுட்டுக் கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களின் குண்டு துளைத்து ரத்தம் தோய்ந்த கால்சட்டைகளிலிருந்து, மடிப்புக் கலையாத இரண்டு உருதுக் கடிதங்கள். அன்று நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வெளியான நாள், அதனால் தீர்ப்பைக் கவனித்தவர்கள் குறைவு.

2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 189 பேர் இறந்தார்கள். 2015-இல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. வெவ்வேறு அதிகாரிகள் வெவ்வேறு ஆட்களிடம் எழுதியதாகச் சொன்ன வாக்குமூலங்களில் பகுதி பகுதியாக ஒரே வாசகம் இருந்தது. சித்திரவதைப் புகாரையும் நீதிமன்றம் ஏற்றது. மூன்றாம் நாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றது. ஆனால் வெளியே வந்தவர்களைத் திரும்ப அடைக்கச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் கழித்தும் 189 குடும்பங்களின் கையில் உறுதியான தீர்ப்பு இல்லை. 'அடிச்சுக் கேட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்' என்பவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கசாப் வழக்கில் வாக்குமூலம் வாங்கியது மாஜிஸ்திரேட். உடனே எழுதவில்லை, போலீஸிடமிருந்து பிரித்து, யோசிக்க நாள் கொடுத்து, 2009 பிப்ரவரி 20 அன்றுதான் எழுதத் தொடங்கினார். வக்கீல், மேல்முறையீடு, உச்ச நீதிமன்றத்தில் ராஜு ராமச்சந்திரன் போன்ற மூத்த வழக்கறிஞர் என எல்லாம் கிடைத்தும், கைதிலிருந்து தூக்குவரை நான்கே வருடம். கையும் துப்பாக்கியுமாகப் பிடிபட்டவன், படமும் சாட்சியும் குவிந்திருந்தன என்பது உண்மைதான். அப்படிப்பட்ட வழக்கிலேயே குறுக்குவழி வேண்டியிருக்கவில்லை.

அடியே விழாவிட்டாலும், போலீஸ் மட்டும் இருக்கும் அறையில் எழுதப்படும் காகிதம் ஆபத்தானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது! பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013-இல் சொன்னார். விட்டுப்போனது ஒரு வாக்கியம். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையாகும்போது, கைதாகிக் கிட்டத்தட்ட 31 வருடம் ஆகியிருந்தது.

வக்கீல்களும் ஊர்ப் பேச்சுக்கு வெளியே இல்லை. இன்ன வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கங்கள் தீர்மானம் போடுவது வாடிக்கை, கசாப் விஷயத்தில் மும்பையிலும் நடந்தது. இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் முகமது ரஃபி வழக்கில் தீர்ப்பளித்தது. அது தீவிரவாத வழக்கு அல்ல. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் நடந்த மோதலில், குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானம் அது. எவருக்கும் வக்கீல் உண்டு என்ற விதி இந்த முறை காக்கிச் சட்டைக்காக உரக்கச் சொல்லப்பட்டது.

தீர்மானத்துக்குப் பயந்து முதல் ரிமாண்டில் வக்கீல் இல்லாமல் போனால் என்ன இழப்பு என்பதை ஒரே ஒரு மனுவை வைத்துச் சொல்லலாம். காவல் நிலையங்களிலும் விசாரணை அமைப்புகளின் அலுவலகங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் காக்க வேண்டும், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உபா வழக்கில் குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை அவகாசம் கிடைக்கும். பிறகு நகல் தருவது, குற்றச்சாட்டு வனைவது, சாட்சி விசாரணை. கஸ்டடியில் அடித்தார்கள் என்ற கேள்வி சாட்சிக் கூண்டுக்கு வரும்போது அந்த 18 மாதம் எப்போதோ கழிந்திருக்கும். எந்த நிலையம், எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கக் கோரும் மனு முதல் வாரத்திலேயே மாஜிஸ்திரேட் முன் போயிருக்க வேண்டும். ஒன்றரைப் பக்க மனு அது.