பரிசுப் பயணத்துக்கு நான் டெல்டாவைத்தான் சொல்வேன்

விற்பனை இலக்கைத் தாண்டிய ஊழியர்களுக்கு எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பரிசுப் பயணம் தருகிறது. இந்த முறை இடம் பார்த்து வரும் பொறுப்பு என்னுடையது. முப்பது பேர், மூன்று இரவு, தலைக்கு 25,000 ரூபாய். கூட்டத்தில் பாங்காக், கோவா என்ற பெயர்கள்தான் அடிபட்டன. நான் காவிரி டெல்டா என்றதும், "கோயில் சுற்றுலாவுக்கா இவ்வளவு உழைத்தார்கள்?" என்று கேட்டார் மேலாளர். நேற்றிரவுதான் ஊர் திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

25,000 ரூபாயில் பாங்காக் போகலாம். ஆனால் அகால நேர விமானம், நெரிசலான அறை, சைவச் சாப்பாட்டுக்கு அலைச்சல், பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு மனக்கசப்பு. அதே பணத்துக்குக் கும்பகோணம் பக்கத்தில் முற்றம் வைத்த ஓட்டு வீட்டு விடுதியில் தம்பதியாகத் தங்கலாம். பரிசு என்றால், சொந்தக் காசில் போனால் கிடைக்காத ஒன்று அதில் இருக்க வேண்டும். பெரிய கோயிலை யார் வேண்டுமானாலும் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கலாம். நிறுவனம் முன்கூட்டிப் பேசி ஏற்பாடு செய்தால் மட்டுமே திறக்கும் கதவுகள் எவை என்றுதான் நான் தேடினேன்.

முதல் கதவு சுவாமிமலையில் திறந்தது. உலோகச் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குள் காலையில் போனவன் மதியச் சாப்பாட்டையே மறந்தேன். தென்னை ஓலையைக் கிழித்து, மடித்து மடித்து அதில்தான் அளவு எடுக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் கலந்து முதலில் உருவம் பிடிக்கிறார்கள். அன்று ஓர் இளைஞர் சூடேற்றிய கம்பியால் அம்மனின் சுண்டுவிரல் நகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை நேரத்தில் அவர் தலை நிமிரவே இல்லை. மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால், மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு சிலைக்கு ஓர் அச்சுதான். ஸ்தபதியான பெரியவரிடம் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள் தம்பி. மொத்தமாக வந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது" என்றார். கையில் ஆளுக்கு ஒரு மெழுகு உருண்டை கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். இதை எந்தக் கடற்கரை விடுதியில் வாங்க முடியும்?

இனி, ஊர் சுற்ற எடுத்த வேனின் கதை. குளிர்சாதனம், சாயும் இருக்கை, எல்லாச் செலவும் அடக்கம் என்று பேசித்தான் அமர்த்தினேன். வந்த வண்டியில் ஓர் இருக்கைகூடச் சாயவில்லை. மயிலாடுதுறை தாண்டியதும் எஞ்சின் சூடாகிறது என்று ஏசியை நிறுத்தினார் ஓட்டுநர். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு நாகூருக்குக் கிளம்பினோம். வழியில் காரைக்கால் எல்லை நெருங்கியபோது வண்டியை ஓரம் கட்டினார்.

"இனிமேல் புதுச்சேரி அரசின் பகுதி சார். பர்மிட்டுக்குத் தனியாகப் பணம் வேண்டும்."

"எல்லாம் அடக்கம் என்றுதானே அண்ணே பேசினோம்?"

"அது தமிழ்நாட்டுக்குள் சார்."

தஞ்சாவூரில் கிளம்பும்போதே காரைக்கால் வழியாகத்தான் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். நடுவழியில் நிறுத்திக் கேட்டால் யாரும் கொடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். கொடுத்தேன். இரவு இறங்கும்போது பேட்டா, பார்க்கிங் என்று இன்னொரு தொகை கேட்டார். இது அப்பட்டமான அநியாயம். பேட்டா, சுங்கம், பார்க்கிங், பர்மிட் நான்கையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெரிய பஸ்ஸும் வேண்டாம். கும்பகோணத்துத் தெருக்களில் திருப்ப முடியாது. இரண்டு வேன்கள் போதும்.

அந்தக் கோபம் மறுநாள் காலை கும்பகோணத்தில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் தணிந்தது. இட்லிக்குச் சாம்பார் கேட்டேன். "முதலில் கடப்பா போட்டுக்கொள்ளுங்கள்" என்று இலையில் ஊற்றினார் பரிமாறியவர். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வெந்து, அரைத்த தேங்காயும் சோம்பும் மணக்க, இட்லியைச் சுற்றித் தளதளவென்று நின்றது. சாம்பாரை நான் மறுபடி கேட்கவே இல்லை. பிறகு பித்தளை டவராவில் டிகிரி காபி. நட்சத்திர விடுதியின் பஃபே காலை உணவு இதன் கால்தூசி பெறாது. ஒரு நாள் காலையாவது எல்லோரையும் இந்தக் கடையில்தான் உட்காரவைப்பேன்.

கோயில் விஷயத்தில் மேலாளர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. எங்கள் ஊழியர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். ஒரே நாளில் ஒன்பது தலங்கள் என்று ஓட்டினால் அது பரிசாகாது. இரண்டே கோயில்கள் போதும்: 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாராசுரம். தாராசுரத்தில் ஒரு தலையைக் காளையும் யானையும் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகள் விட்டு நகர மாட்டார்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையைத் தூக்கத்துக்கு விடுங்கள். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் நாகப்பட்டினத்துக்கு இருபுறமும் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் ஒரு வேனில் போகட்டும், மற்றவர்கள் தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கட்டும். கோடிக்கரையின் பறவைகளும் வெளிமான்களும் எனக்கு ஆசைதான். ஆனால் மூன்று இரவில் அவ்வளவு தூரம் இழுத்தால் எல்லோரும் களைத்துப்போவார்கள்.

மாதம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோரத்தில் புயல் பயமும் உண்டு. ஜனவரியில் திருவையாற்றின் தியாகராஜர் ஆராதனை இசைவிழா நேரத்தில் அறை கிடைப்பது கடினம். ஏப்ரல், மே வெயில் தாங்காது. பிப்ரவரி தொடக்கம்தான் என் தேர்வு: சம்பா அறுவடை நடக்கும், இரவில் குளிர்ச்சி மிச்சமிருக்கும். சென்னைக்காரர்கள் எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தஞ்சாவூர். மற்றவர்களுக்குத் திருச்சி வசதி.

அறிக்கையில் இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். மேலதிகாரிக்கும் கடைநிலை விற்பனையாளருக்கும் ஒரே தர அறை. பயணத்தில் விற்பனை ஆய்வுக் கூட்டம் ஒன்றுகூடக் கூடாது. இரண்டாவதை நீக்கச் சொன்னால் அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.